முதல் நோன்புத் தலைவலி

கோட்டைப்பட்டினத்தில் ரமலான் பிறை தெரிந்த மறுநாள், பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, பல வீடுகளில் ஒரே நேரத்தில் ஒரே வலி வரும். நெற்றிப்பொட்டில் இலேசாகத் தொடங்கி, கண்ணுக்குப் பின்னால் இறங்கி, அஸர் நேரத்தில் தலை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். குனிந்தால் கூடும். வெளிச்சம் பிடிக்காது. பிள்ளைகளின் சத்தம் பொறுக்காது. ஆனால் அந்த நேரத்தில்தான் வெங்காயம் நறுக்க வேண்டும், இஞ்சி பூண்டு இடிக்க வேண்டும், வடைக்குப் பருப்பு அரைக்க வேண்டும். கேட்டால், “முத நோன்பு அப்படித்தான் இருக்கும், மூணு நோன்பு போனா சரியாயிரும்” என்று வீட்டில் மூத்த பெண்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படியே சரியாகியும் விடும்.

இந்த வலியைப் பசி என்று சொல்வது வழக்கம். பித்தம் என்றும், வெயில் என்றும், தூக்கம் கெட்டதால் என்றும் சொல்வார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் காலையில் கண் விழித்ததும் குடித்த தேநீர், பதினோரு மணித் தேநீர், நான்கு மணித் தேநீர் என்று நாள் முழுக்க உடல் எதிர்பார்த்துப் பழகிய ஒன்று நின்றுபோனதும் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. டீ தலைவலி என்று நம் பெண்கள் வேறு நாட்களில் சரியாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். நோன்பில் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லக் கூச்சம். நோன்பு வைத்துவிட்டு டீயை நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது?

தலைவலிக்கு வரலாறு எழுதுவார்களா என்று கேட்கலாம். கோட்டை கொத்தளங்களுக்கும் கப்பல்களுக்கும் வரலாறு எழுதியவர்கள் அடுப்படியில் வந்த வலியைக் குறித்துவைக்கவில்லை. அந்த வலி எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் இந்தக் கடற்கரையும் இலங்கை மலைகளும் தேயிலைக் கம்பெனிகளும் ஜமாஅத்தும் டீக்கடை பெஞ்சும் வழியில் வருகின்றன.

முதலில் உடலைப் பார்த்துவிடுவோம். நாம் விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தன் ஏற்பிகளில் போய் ஒட்டும்போது உடல் தளர்கிறது, தூக்கம் வருகிறது, மூளையின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. தேநீரிலும் காப்பியிலும் இருக்கும் காஃபின், அடினோசினுக்கு முன்பாகப் போய் அந்த ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. களைப்பை அது போக்குவதில்லை. களைப்புச் செய்தி போய்ச் சேராமல் தடுக்கிறது, அவ்வளவுதான். தினமும் இப்படித் தடுத்தால் உடல் சும்மா இருக்காது, ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். திடீரென்று ஒரு நாள் காஃபின் வராவிட்டால், கூடிப்போன அத்தனை ஏற்பிகளிலும் அடினோசின் தாராளமாக வந்து உட்காரும். இரத்தக் குழாய்கள் விரிந்து, மூளைக்கான இரத்த ஓட்டம் கூடி, தலை தெறிக்கிறது. கூடவே கொட்டாவி, எரிச்சல், குமட்டல், எதிலும் மனம் நிலைக்காமை.

ஜெர்மானிய வேதியியலாளர் ரூங்கே 1819 வாக்கில் காப்பிக்கொட்டையிலிருந்து காஃபினைப் பிரித்தெடுத்தார். அதை நிறுத்தினால் தலை வலிக்கும் என்பதை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தது அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். 1943-இல் அமெரிக்காவில் டிரைஸ்பாக், ஃபைஃபர் இருவரும், ஆட்களுக்குக் காஃபின் மாத்திரைகளைக் கொடுத்துப் பழக்கி, பிறகு அவர்கள் அறியாமல் நிறுத்திப் பார்த்தார்கள். 1992-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், ஒரு நாளைக்குச் சராசரியாக 235 மில்லிகிராம் காஃபின் எடுத்துவந்த 62 பேருக்கு அதை நிறுத்தியபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மிதமான அல்லது கடுமையான தலைவலி வந்தது. அவர்கள் யாரும் நோயாளிகள் அல்ல, சாதாரணமாகக் காப்பி குடிப்பவர்கள். கடைசியாகக் குடித்ததிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வலி தொடங்கும், ஒன்றிரண்டு நாட்களில் உச்சத்துக்குப் போகும், இரண்டு முதல் ஒன்பது நாட்களுக்குள் போய்விடும். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் எடுப்பவர்களுக்கும் இது வரலாம். ஒரு கோப்பைத் தேநீரில் சுமார் 30 முதல் 50 மில்லிகிராம் காஃபின் இருக்கும். மூன்று கோப்பை போதும்.

நம் கணக்குக்கு வருவோம். ஷஃபான் மாதக் கடைசி நாளில் மாலை ஐந்து மணிக்கு ஒரு பெண் தேநீர் குடிக்கிறாள். பிறை தெரிந்துவிட்டது, தராவீஹ், ஸஹர் சமையல் என்று அன்றைய இரவு பரபரப்பில் கழிகிறது. மறுநாள் நண்பகலில் அவள் காஃபின் இல்லாமல் 19 மணி நேரம் ஆகியிருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் வலி. “மூணு நோன்பு போனா சரியாயிரும்” என்ற கணக்கும் ஆய்வுக்கூடக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. இரவில் மட்டும் தேநீர் என்று உடல் பழகிக்கொள்ள அத்தனை நாட்கள் ஆகின்றன. மருத்துவ இதழ்களுக்கு முன்பே எங்கள் பாட்டிகள் அளந்துவைத்த கணக்கு இது.

1990களில் இந்த வலி பற்றி மருத்துவ ஆய்வுகள் வந்தன. யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பில் வரும் தலைவலி பற்றி இஸ்ரேலில் 1995-இல் ஓர் ஆய்வு வந்தது. நோன்பு வைத்தவர்களில் 39 சதவீதத்தினருக்குத் தலைவலி. வைக்காதவர்களில் 7 சதவீதத்தினருக்கு மட்டும். 1999-இல் அவாதா, அல் ஜுமா இருவரும் சவூதி அரேபியாவில் ரமலானின் முதல் நாளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே நோன்பாளிகளில் 41 சதவீதம், மற்றவர்களில் 8 சதவீதம். இரண்டும் ஏறத்தாழ ஒரே எண்கள். காரணத்தில்தான் கருத்து வேறுபாடு. சவூதி ஆய்வு காஃபின் நின்றதை முக்கியக் காரணமாகச் சொன்னது, தூக்கக் குறைவையும் சேர்த்துக்கொண்டது. இஸ்ரேல் ஆய்வு காஃபினுக்குப் பெரிய பங்கு இல்லை என்றது. என் பார்வையில், தேநீரும் தூக்கமும் தண்ணீரும் உணவும் ஒரே நாளில் நிறுத்தப்படும்போது ஒன்றை மட்டும் பிரித்துப் பழி போடுவது கடினம்தான். ஆனால் காலை பதினொரு மணிக்குத் தேநீர் குடித்துப் பழகிய பெண்ணிடம் கேட்டால் அவளுக்கு இதில் பெரிய சந்தேகம் இருக்காது.

இனி, இந்தத் தேநீர் எங்கள் கரைக்கு வந்த கதை.

இன்று புதுக்கோட்டை மாவட்டம் என்று சொல்கிறோம். ஆனால் மணமேல்குடிக்கும் மீமிசலுக்கும் இடைப்பட்ட இந்தக் கடற்கரை தொண்டைமான் சமஸ்தானத்தில் இருந்ததில்லை. பிரிட்டிஷ் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து, 1974 ஜனவரியில் புதிய மாவட்டம் உருவானபோது இங்கே சேர்ந்தது. அதற்கு வெகு காலம் முன்பே இந்தக் கரைக்கு இலங்கைதான் பக்கத்து ஊர். பாக் நீரிணையின் இந்தப் பக்கம் அம்மாபட்டினம், தொண்டி, தேவிபட்டினம், பாம்பன். அந்தப் பக்கம் மன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டம் போட்டபோது, புதுக்கோட்டை, ராமநாதபுரம், திருச்சி, தஞ்சைப் பகுதிகளில் பஞ்சத்திலும் கடனிலும் தவித்த மக்களைக் கங்காணிகள் இந்தத் துறைகளின் வழியாகத்தான் தோணியில் ஏற்றினார்கள். மன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

காப்பிக் காலத்தில் போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். காப்பி பருவப் பயிர், பழம் பறிக்கும் மாதங்களில் ஆள் தேவை, முடிந்ததும் ஊருக்குத் திரும்பலாம். 1869-இல் இலைத்துரு நோய் வந்து காப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி போய்த் தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்தை வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை ஆண்டு முழுக்கப் பறித்தாக வேண்டும். அதற்குப் பெண்களும் குடும்பங்களும் நிரந்தரமாகத் தேவைப்பட்டார்கள். பெண்ணின் விரல் மென்மையானது, கொழுந்து பறிக்க ஏற்றது என்று துரைமார்கள் காரணம் சொன்னார்கள். அவளுக்குக் கூலி குறைவு என்பது அந்தக் காரணத்தில் சொல்லப்படாத பாதி. இலங்கைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் 1984-இல்தான் வந்தது. நல்ல தேயிலை கப்பலேறிப் போக, மிஞ்சிய தூள் தொழிலாளிக்கு வந்தது. பாலில்லாத சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு விடியலில் மலையேறிய அந்தப் பெண்களுக்குத்தான், தமிழ் பேசும் பெண்களில் மற்ற எல்லாரையும் விட முன்பே, தேநீர் குடிக்காத நாளின் தலைவலி தெரிந்திருக்க வேண்டும். சபுராளிகளும் கடைக்காரர்களும் தோட்டத்திலிருந்து திரும்பியவர்களும் தேத்தண்ணி என்ற சொல்லையும் பழக்கத்தையும் எங்கள் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

உள்நாட்டில் தேநீரைப் பரப்பியது வேறு கை. 1903-இல் தேயிலை மீது தனித் தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்ய அரசு வழி செய்தது. முதலில் கவனம் வெளிநாட்டுச் சந்தை மீது இருந்தது. 1930களின் மந்தத்தில் தேயிலை தேங்கிப்போனபோது இந்தியர்களையே குடிக்கவைக்க முடிவு செய்தார்கள். சந்தையிலும் திருவிழாவிலும் ஆலை வாசலிலும் இலவசக் கோப்பை. வீடு வீடாகப் போய்த் தேநீர் போடும் முறையைக் காட்டும் ஆட்கள். பொட்டு வைத்த குடும்பப் பெண் கோப்பையை நீட்டும் விளம்பரப் படங்கள். அந்தப் படங்களில் அவள் ஊற்றுவாள். குடிப்பவர் பெரும்பாலும் வேறொருவர். 1931-இல் அசாமில் மக்கெர்ச்சர் என்பவர் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குறுணையாக்கும் சிடிசி எந்திரத்தைக் கொண்டுவந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் குறுணைத் தூள் மலிவாகப் பரவியது. கொஞ்சம் போட்டாலே கருஞ்சிவப்புச் சாறு இறங்கும், பால் சேர்த்தாலும் நிறம் போகாது. ஏழை வீட்டிலும் பால் டீ சாத்தியமானது அதனால்தான்.

காப்பிக்கு இங்கே வேறு சாதி. ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். காப்பி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமண வீடுகளின் அடையாளமானது. தேநீர் உழைப்பாளிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் உரியதாகப் பார்க்கப்பட்டது. காலை நீராகாரம் போய்க் காப்பி வந்தபோது பத்திரிகைகளில் புலம்பல் எழுந்தது. அதில் பழி பெண்கள் தலையில் விழுந்தது. வீட்டுப் பெண்கள் காப்பிக்கு அடிமையாகிவிட்டார்கள், அது இல்லாவிட்டால் தலைவலி என்று படுத்துக்கொள்கிறார்கள் என்கிற தொனி அன்றைக்கும் உண்டு, இன்றைய தொலைக்காட்சி நகைச்சுவையிலும் உண்டு. காந்தி தேநீர், காப்பி இரண்டையும் வேண்டாமென்றார். 1942-இல் சிறையில் எழுதத் தொடங்கிய ஆரோக்கியம் பற்றிய நூலிலும் அதைச் சொல்கிறார். விடச் சொன்னவர்கள் பலர். விட்டால் வரும் மூன்று நாள் வலியோடு அடுப்பைப் பார்த்துக்கொள்வது யார் என்று யோசித்தவர்களாகத் தெரியவில்லை.

வீட்டுப் பழக்கமாகும் முன்பும் பின்பும் தேநீருக்கு இன்னொரு முகவரி உண்டு: டீக்கடை. செய்தித்தாள், அரசியல், மீன் விலை, கடலில் யார் பிடிபட்டார்கள் என்ற தகவல், கல்யாணப் பேச்சு எல்லாம் அங்கேதான். தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்த கடைகளும் உண்டு. அந்த இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராட்டங்களும் நடந்தன. பெண்களுக்குத் தனிக் குவளைகூட இல்லை, பெஞ்சே இல்லை. மீன் ஏலத்துக்கு விடியலில் வரும் பெண்கள் கடையோரம் நின்றபடி வாங்கிக் குடித்துவிட்டுக் கூடையைத் தூக்குவார்கள். வீட்டுப் பெண்களுக்குப் பார்சல். 1991-இல் இந்த மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். முஸ்லிம் பெண்களும் ஓட்டினார்கள். டீக்கடையைத் தாண்டிச் சைக்கிளில் போக முடிந்தது. இறங்கி உள்ளே போய் உட்காருவது இன்றுவரை வேறு விஷயம். ஆண்கள் மட்டும் உட்காரும் ஜமாஅத்தில் பெண்களின் வழக்குகள் முடிவாவதை எதிர்த்து, புதுக்கோட்டையிலிருந்துதான் ஷரிஃபா கானம் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கினார். இரண்டையும் ஒன்றாக்கவில்லை. யார் உட்கார்ந்து பேசலாம், யார் நின்றுகொண்டோ திரைக்குப் பின்னாலோ கேட்கலாம் என்ற ஒழுங்கு இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

பெஞ்சு இல்லாதவளுக்குத் தேநீர்தான் பெஞ்சு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அடுப்படிப் படியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு ராத்தாவோடு பேசியபடி குடிக்கும் அந்தப் பதினொரு மணித் தேநீர் நேரம் ஒரு நாளில் அவள் பெயரில் இருக்கும் பத்து நிமிடம். கணவன் மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கும் வீடுகளில் அந்தப் பத்து நிமிடத்தின் எடை இன்னும் கூடுதல். ரமலானில் நின்றுபோவது காஃபின் மட்டுமில்லை.

காப்பி பிறந்த கதையை நினைத்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். பதினைந்தாம் நூற்றாண்டு ஏமனில் சூஃபிகள் இரவு வணக்கத்தில் தூங்கிவிடாமல் இருக்கத்தான் காப்பி குடித்தார்கள். 1511-இல் மக்காவின் அதிகாரி கைர் பேக் அதைத் தடை செய்து பார்த்தார், தடை நீடிக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபி மெக்காவிலிருந்து காப்பி விதைகளைச் சிக்மகளூர் மலைக்குக் கொண்டுவந்ததாகத் தொன்மம். விழித்திருந்து வணங்கக் கண்டுபிடித்த பானம், விழித்திருந்து சமைக்கிறவளுக்குப் பகலில் தலைவலியாக வந்து சேர்ந்தது.

ரமலானில் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து ஸஹருக்குச் சோறாக்கி, எல்லாரையும் எழுப்பி, பரிமாறி, பாங்கு சொல்வதற்குள் தானும் நான்கு வாய் சாப்பிட வேண்டும். அந்த அவசரத்தில் மற்றவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுத் தனக்கு ஊற்றும்போது பாங்கு கேட்டுவிடும். ஸஹரில் ஒரு கோப்பைத் தேநீர் குடித்தவருக்குப் பகல் தலைவலி குறையும் என்பதை மேலே சொன்ன மணிக்கணக்கே காட்டும். அந்தக் கோப்பை வீட்டில் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குத் தவறுகிறது என்று பார்த்தால் வலியும் அந்த வரிசையிலேயே வருகிறது. பகலில் ஆண்கள் பள்ளிவாசலின் குளிர்ந்த தரையில் சற்றுச் சாய்ந்துகொள்ளலாம். நோன்புக் கஞ்சி பள்ளிவாசலில் காய்ச்சப்பட்டு வாளியில் வீட்டுக்கு வருகிறது. அந்த ஒன்றைத் தவிர இஃப்தார் மேசையில் உள்ள எல்லாம் அவள் கையால் ஆனது.

பெண்ணுக்கு மட்டுமே உரிய பகுதிக்கு இப்போது வருகிறேன்.

மாதவிடாய் நாட்களில் நோன்பு கிடையாது. ஆனால் அந்த நாட்களில் அவள் வெளிப்படையாகச் சாப்பிடுவதும் கிடையாது. மாமனார், கொழுந்தன், வயதுக்கு வந்த மகன் எல்லாரும் நோன்பாக இருக்கும் வீட்டில், பகலில் அடுப்படியிலிருந்து தேநீர் வாசம் வந்தால் விஷயம் வெளியே தெரிந்துவிடும். மூடிவைத்த பழைய சோற்றைக் கதவு மறைவில் நின்று ஒரு கவளம் சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம். கொதிக்கும் தேநீரை மறைக்க முடியாது. அதனால் நோன்பு இல்லாத நாளிலும் அவளுக்குப் பகல் தேநீர் இல்லை. மாதவிடாயை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் சரியும் அந்த நாட்களில் ஒற்றைத் தலைவலி உள்ள பெண்களுக்கு அது கூடுதலாக வரும் என்பது மருத்துவம் நன்கு அறிந்தது. ஒற்றைத் தலைவலியே ஆண்களைவிடப் பெண்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மார்க்கம் சலுகை கொடுத்த நாளில் வீட்டு மரியாதை அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது.

விட்ட நோன்புகளை அடுத்த ரமலானுக்குள் களா வைத்துத் தீர்க்க வேண்டும். ஆறோ ஏழோ நாட்கள். பிள்ளைத்தாய்ச்சியாகவோ பால் கொடுப்பவளாகவோ இருந்து விட்டிருந்தால் முப்பதும். இவற்றை அவள் தொடர்ந்து வைப்பதில்லை. வேலை குறைந்த நாள் பார்த்து, விருந்தாளி வராத நாள் பார்த்து, ஒரு திங்கள், அடுத்த மாதம் ஒரு வியாழன் என்று சிதறலாக வைப்பாள். நடுவில் உள்ள நாட்களில் பழையபடி மூன்று வேளைத் தேநீர். ஆகவே ஒவ்வொரு களா நோன்பும் அவள் உடலுக்கு முதல் நோன்பு. ஆண் ஆண்டுக்கு ஒரு முறை முதல் நோன்புத் தலைவலியைக் கடக்கிறான். மூன்றாம் நாளில் பழகிவிடுகிறான். அவள் அதை ஏழெட்டு முறை கடக்கிறாள், பழகும் நாள் வருவதே இல்லை. அதுவும் ஊரே நோன்பாக இல்லாத நாளில், வீட்டில் மற்றவர்களுக்கு மூன்று வேளையும் சமைத்து, டீ போட்டுக் கொடுத்து, அந்த ஆவியை முகத்தில் வாங்கிக்கொண்டு. காஃபின் ஆய்வுகளும் ரமலான் ஆய்வுகளும் இத்தனை வந்த பிறகும் களா நோன்பு நாட்களின் தலைவலியை யாரேனும் எண்ணினால் நல்லது.

வலிக்கு வீட்டில் வைத்திருக்கும் மருந்துகளும் கடல் தாண்டி வந்தவை. கோடாலித் தைலம் சிங்கப்பூரில் 1928-இல் தொடங்கியது. பயணம் முடிந்து வரும் சபுராளிப் பெட்டியில் சோப்புக்கும் துண்டுக்கும் நடுவே அது இல்லாமல் இருக்காது. அமிர்தாஞ்சன் அதைவிட மூத்தது, 1893-இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கியது. இவை தோலில் குளிர்ச்சியைக் காட்டி வலியை மறக்கடிப்பவை. பெட்டிக்கடை மாத்திரை அப்படி இல்லை. சாரிடான் மாத்திரை ஒன்றில் பாராசிட்டமாலோடும் புரோபிஃபெனசோனோடும் 50 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது, அதாவது ஒரு தேநீர் அளவு. நோன்பு திறந்ததும் ஒரு மாத்திரையைப் போட்டு “டக்குன்னு நிக்குது” என்று சொல்லும்போது, நின்றதில் ஒரு பகுதி காஃபின் கிடைத்ததால். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுவது வயிற்றுக்குக் கெடுதல். இப்படிப்பட்ட கூட்டு மாத்திரைகளை மாதத்தில் பத்து நாட்களுக்கு மேல் மாதக்கணக்கில் போட்டுவந்தால் மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கும். வலி, மாத்திரை, மீண்டும் வலி என்று அலையும் பெண்களை எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கு “எப்பப் பாரு தலைவலிக்காரி” என்று பட்டப்பெயர் வேறு.

டீ தலைவலி என்ற பெயர் சரியான பெயர் என்று முதலில் சொன்னேன். அதே பெயர் ஆபத்தாகவும் மாறும். கர்ப்பிணி ஒருத்தி தலை வலிக்கிறது என்றால் “டீயைக் குறைச்சிருப்பா, அதான்” என்று தள்ளிவிடுவது எளிது. ஐந்து மாதத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், மேல்வயிற்று வலி இருந்தால் அது இரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. அதற்குத் தைலமும் டீயும் மருந்தல்ல, அன்றே அறந்தாங்கிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். திடீரென்று இடி விழுந்ததுபோல் வரும் வலியும், காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலியும், கை கால் இழுப்போ வாய்க்குழறலோ சேர்ந்த வலியும் அப்படியே.

கர்ப்பத்தில் காஃபின் கணக்கே மாறிவிடுகிறது. சாதாரணமாகச் சுமார் ஐந்து மணி நேரத்தில் உடலில் பாதியாகக் குறையும் காஃபின், கடைசி மாதங்களில் பாதியாகக் குறையப் பதினைந்து மணி நேரம் வரை எடுக்கலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஏறக்குறைய இரு மடங்கு நேரம். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கும் கர்ப்பிணிகள் குறைத்துக்கொள்ளலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டு மூன்று சின்ன கிளாஸ் டீ அந்த அளவை எட்டாது. எங்கள் ஊரில் தேநீரின் பெரிய தொல்லை வேறு: சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துக் குடித்தால் அதன் துவர்ப்புப் பொருட்கள் இரும்பை உடல் உறிஞ்சவிடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரத்தசோகையாலும் தலை வலிக்கும், களைப்பு வரும். களைப்புக்கு இன்னொரு டீ. அதனால் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வைப்பது நல்லது.

தேநீரை விடச் சொல்வது என் நோக்கமில்லை. பதினொரு மணித் தேநீரை யாரும் யாரிடமிருந்தும் பிடுங்க வேண்டியதில்லை. நோன்புக்காகவோ வேறு காரணத்துக்காகவோ குறைக்க வேண்டியிருந்தால் ஒரே நாளில் நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்பதுதான் வலியைத் தவிர்க்கும் வழி. ஷஃபான் மாதத்தின் பாதியிலேயே தொடங்கலாம். முதல் நான்கைந்து நாள் பதினொரு மணித் தேநீரை அரைக் கிளாஸாக்கலாம், தூளையும் குறைக்கலாம். அடுத்த சில நாட்களில் அதை விட்டுவிட்டு நான்கு மணித் தேநீரை இரவுக்குத் தள்ளலாம். கடைசியில் விடியலுக்கு முன்னால் ஒன்று, மஃரிபுக்குப் பின் ஒன்று என்று வந்து நின்றால் முதல் நோன்பின் பகல் அவ்வளவு கடினமாக இருக்காது. களா நோன்பு வைக்கிறவர்கள் இரண்டு மூன்று நாட்களைச் சேர்த்து வைத்தால் முதல் நாள் வலியின் எண்ணிக்கை குறையும். இரவில் போதிய தண்ணீர் வேண்டும். ஸஹரில் எல்லாருக்கும் ஊற்றிய பிறகு தனக்கு என்றில்லாமல், முதல் கிளாஸைத் தனக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். அல்லது வீட்டில் வேறு யாராவது எழுந்து டீ போட வேண்டும். விசைப்படகில் கடலுக்குப் போகும் ஆண்கள் அங்கே தாங்களேதான் அடுப்பு மூட்டி டீ போட்டுக் குடிக்கிறார்கள், அவர்களுக்குப் போடத் தெரியும்.